எட்டு நாள் குறைவு

அம்மாவின் இன்சுலின் பாட்டில் தீரவே இல்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பத்து மில்லி பாட்டில் ஒன்றில் 400 யூனிட் இருக்கும். அம்மாவுக்குக் காலையில் 20, இரவில் 12. அப்படியென்றால் 12 நாளுக்கு மேல் ஒரு பாட்டில் வராது. ஆனால் அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற தட்டில், மூன்று வாரத்துக்கு முன்பு வாங்கிய பாட்டில் இன்னும் பாதி மருந்தோடு நின்றுகொண்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணிதான் மெதுவாகச் சொன்னார்: "காலையில மட்டும் பத்து போட்டுக்கிறாங்க. சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க பாப்பா. கார்டு வேலை செய்யாதாமே, வெளிய வாங்கினா காசு ஆகுமேன்னு."

அன்றைக்கு அம்மாவின் சர்க்கரை 412. மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேபில் பார்த்தோம்.

அது ஜூலை முதல் வாரம். ஓசூர் சிப்காட்டில் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஜூன் 10ஆம் தேதி ஸ்ட்ரைக் தொடங்கியிருந்தது. வாகன உதிரிபாகக் கம்பெனி. பெயர் இங்கே வேண்டாம். ஊதிய ஒப்பந்தம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் புதிய ஒப்பந்தம் போடவில்லை. கேட்கப் போன சங்க நிர்வாகிகளை சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் கூலி வேலை தேடினார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரம் என்பதால் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. அண்ணன் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றினான். பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தக்காளிப் பெட்டி புதிதில்லை. ஆனால் பதினான்கு வருடம் சிஎன்சி மெஷின் முன்னால் நின்றவனின் முதுகுக்கு அது புதிது.

இதற்கு நடுவே, முதல் வாரத்திலேயே ஒரு வாட்ஸப் செய்தி சுற்ற ஆரம்பித்திருந்தது. 'ஸ்ட்ரைக்கில் இருப்பவர்களின் இஎஸ்ஐ நிறுத்தப்பட்டுவிட்டது. டிஸ்பென்சரிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.' இஎஸ்ஐ என்றால் தொழிலாளி சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, கம்பெனியும் தன் பங்கைப் போட்டு, குடும்பத்துக்கு மருத்துவம் தரும் அரசுக் காப்பீடு; அண்ணி சொன்ன கார்டு அதுதான். செய்தி சூப்பர்வைசர் ஒருவரிடமிருந்து கிளம்பியது என்று பிறகு தெரிந்தது. ஆனால் பந்தலில் இருந்த ஒருவர்கூட டிஸ்பென்சரிக்குப் போய்ப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் அவமானம் என்று இருநூறு குடும்பமும் வீட்டிலேயே இருந்துவிட்டது. அம்மா ஊசியைக் குறைத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தையின் வீசிங்குக்குத் தனியார் கிளினிக்கில் கடன் வாங்கிச் செலவு செய்தார்கள்.

நான் செய்யும் வேலை என்னவென்றால், ஓசூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் கம்பெனிகளுக்கு பிஎஃப், இஎஸ்ஐ ரிட்டர்ன் போடுவது. மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் சலான் கட்ட வேண்டும். நாள் கணக்கு, சம்பளக் கணக்கு, இன்சூரன்ஸ் நம்பர், இவைதான் என் நாள் முழுவதும். இருந்தும் என் சொந்த வீட்டில் இந்த வதந்தி மூன்று வாரம் குடியிருந்தது. அண்ணன் என்னிடம் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. ஸ்ட்ரைக் விஷயத்தில் தலையிட்டால் என் வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று அவன் யோசித்திருக்கிறான். அவனாகச் சொல்லட்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

அன்று இரவே அவன் போனில் இஎஸ்ஐ தளத்தைத் திறந்து அவனுடைய பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். பலன் காலம் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை என்று தெளிவாக இருந்தது. அம்மா பெயரும் குடும்பப் பட்டியலில் அப்படியே இருந்தது. மறுநாள் காலை டிஸ்பென்சரியில் டாக்டர் பார்த்தார், இரண்டு பாட்டில் இன்சுலின் கொடுத்தார்கள். ஸ்ட்ரைக்கா என்று யாரும் கேட்கவில்லை.

இது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓசூரில் பாதிப்பேருக்கு இது தெரியாது. இஎஸ்ஐயில் பணம் கட்டும் காலமும் பலன் பெறும் காலமும் ஒன்றல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்குப் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. அதாவது ஜூலையில் பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மருந்து கொடுப்பது, போன குளிர்காலத்தில் அவன் சம்பளத்தில் பிடித்த பணம். ஜூன் மாதம் அவன் மெஷினை நிறுத்தியதால் அது அழியாது. ஏற்கெனவே விதைத்து, அறுத்து, குதிரில் போட்ட நெல் அது.

அப்போது அமலில் இருந்த சட்டத்தில் ஸ்ட்ரைக்கைப் பற்றி ஒரு வரி இருந்தது; வதந்திக்கு வேர் அதில்தான் இருந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்கு நோய்க்காலப் பணம், அதாவது நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்கு இஎஸ்ஐ தரும் பணம், கிடையாது என்றது. பணம்தான் கிடையாது, மருத்துவம் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கும் விதிமுறைகளில் 99ஏ என்ற இடத்தில் விலக்கு இருந்தது. மருத்துவமனையில் உள்நோயாளியாகப் படுத்திருந்தால் ஸ்ட்ரைக் நாளுக்கும் பணம் கொடுக்கலாம். நீடித்த நோய்ப் பட்டியலில் உள்ள நோயாக இருந்தாலும் கொடுக்கலாம். சங்கம் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பிருந்தே ஒருவர் நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் அவருக்கும் கொடுக்கலாம். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பந்தலில் ஒட்டினேன். அண்ணன் சங்கத்துத் தோழர்கள் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அந்த வாரம் டிஸ்பென்சரியில் கூட்டம் கூடியது.

அப்புறம் இன்னொரு சங்கதி. மாதாந்தர ரிட்டர்னில் ஒரு தொழிலாளி ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை என்றால், பூஜ்யம் போட்டுவிட்டுக் காரணத்துக்கு ஒரு எண் போட வேண்டும். 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுப் போனார். 9 என்றால் வேலைநிறுத்தம் அல்லது நிர்வாகமே கேட்டை மூடும் கதவடைப்பு. எக்செல் தாளில் ஒரே ஒரு கட்டம். 9 போட வேண்டிய இடத்தில் 2 போட்டால், அந்த ஆள் அந்தக் கம்பெனிக்கு இனி சம்பந்தமில்லாதவர் என்று பதிவாகிவிடும். நாளைக்கு வேலைத் தகராறு என்று வந்தால் 'அவரே விட்டுப் போனவர்' என்று காட்ட ஒரு தாள் தயாராகிவிடும். அண்ணன் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சரியாகவே போட்டிருந்தார்கள். ஆனால் ஸ்ட்ரைக்கில் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் பதினொரு பேருக்கு அவர்களுடைய கான்ட்ராக்டர் 2 போட்டிருந்தார். தெரியாமல் போட்டாரா, தெரிந்தே போட்டாரா என்று நான் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தை மாதம் நூறு முறை நிரப்புகிற எனக்கு, அது தவறி விழுகிற எண் இல்லை என்று மட்டும் தோன்றியது. கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து, அதைத் திருத்துவதற்குள் இரண்டு மாதம் ஓடியது. அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் பெண்கள்.

ஜூலை நடுவில் நிர்வாகம் கதவடைப்பு அறிவித்தது. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. தொழிலாளர் துறையில் பேச்சுவார்த்தை நடந்து, அக்டோபர் முதல் வாரத்தில், துறை அதிகாரி முன்னிலையில் இரு தரப்பும் போடும் '12(3)' ஒப்பந்தம் கையெழுத்தானது. சஸ்பெண்ட் ரத்து, ஊதிய உயர்வு கேட்டதில் பாதி, நின்றுபோன நாட்களுக்குச் சம்பளம் இல்லை, வேலைக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஐயாயிரம் ரூபாய் முன்பணம், அதையும் ஐந்து தவணையில் பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் களைத்திருந்தார்கள். மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள், சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய்வந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

ஜனவரி இறுதியில் அண்ணனுக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தது. தக்காளிப் பெட்டி தூக்கியதில்தான் வந்தது என்று அம்மா சொல்கிறார்; டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆபரேஷன் இஎஸ்ஐ மூலமாகவே நடந்தது, ஒரு பைசா செலவில்லை. அவன் வேலையில் இருந்தான், சந்தா போய்க்கொண்டிருந்தது, அதனால் மருத்துவத்துக்குத் தடை இல்லை. கனமான வேலை என்பதால் 45 நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வு நாட்களுக்கு இஎஸ்ஐ சம்பளத்தில் 70 சதவீதம் கொடுக்கும். சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தான். தகுதி இல்லை என்று வந்தது.

நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஏப்ரலில் 30 நாள். மேயில் 31 நாள். ஜூனில் 9 நாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பூஜ்யம். மொத்தம் 70. நோய்க்காலப் பணம் கிடைக்க ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் வேண்டும்.

எட்டு நாள்.

அவனுக்கு மாதச் சம்பளம் அப்போது 18,000. நாளுக்கு 600, அதில் 70 சதவீதம் 420. முதல் இரண்டு நாள் காத்திருப்பு போக 43 நாளுக்கு 18,060 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் கடனில் கிடந்து, இப்போதுதான் நிமிர்ந்த வீடு. முன்பணத் தவணை வேறு. அண்ணி தன் தாலிக்கொடியில் இருந்த இரண்டு குண்டுமணியைக் கழற்றி அடகு வைத்தார். அண்ணன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நானே இதைத் தவறவிட்டேன் என்பதுதான் என் மனதில் இன்னும் கிடக்கிறது. ஒப்பந்தப் பேச்சு நடந்தபோது நான் அந்த 78 நாளை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சங்கத்தினரிடம் ஒன்று சொல்லியிருப்பேன்: கதவடைப்புக் காலத்தில் எட்டே எட்டு நாளைச் சம்பள நாளாக ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயாயிரம் முன்பணமே வேண்டாம். முன்பணம் கடன், அதற்குச் சந்தா இல்லை. சம்பளம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த நாளுக்குச் சந்தா உண்டு. அந்த 1948 சட்டத்தில் சம்பளம் என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, கதவடைப்புக் காலத்துக்கும் சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தக் காலத்துக்கும் கொடுக்கும் தொகை அடங்கும் என்று இருந்தது. 600 ரூபாய் வீதம் எட்டு நாளுக்கு 4,800. நிர்வாகம் கொடுத்த முன்பணத்தைவிட 200 ரூபாய் குறைவு. அதற்கு இஎஸ்ஐ சந்தா 4 சதவீதம், அதாவது 192 ரூபாய். கம்பெனி பங்கு 156, தொழிலாளி பங்கு 36. அந்த 192 ரூபாய் இல்லாததால் ஜனவரியிலிருந்து ஜூன் வரை இருநூறு பேர் நோய்க்காலப் பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்தார்கள். அவர்களில் எத்தனை பேர் காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனார்கள் என்று யாருக்கும் கணக்கு இல்லை.

ஸ்ட்ரைக்கின் அடி ஸ்ட்ரைக் நடக்கும்போது விழுவதில்லை. பட்டாசுப் புகை அடங்கி, எல்லோரும் மறந்து, அடுத்த வருடத்தில் வந்து விழுகிறது. அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

இஎஸ்ஐயில் இருப்பவர்கள் கதை இதுவென்றால், 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் நிலைமை இதைவிடச் சிக்கல். 2017 ஜனவரியில் நிர்ணயித்த உச்சவரம்பு அது. அதைத் தாண்டியவர்கள் கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்பீட்டில் இருப்பார்கள். அதில் பாலிசிதாரர் கம்பெனி. தொழிலாளி வெறும் பெயர். பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதும் கம்பெனி கையில். அதே பந்தலில் இருந்த ஒரு சீனியரின் மனைவிக்குப் பிரசவ நேரம். பெங்களூரில் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கார்டைக் கொடுத்தபோது, 'பெயர் ஆக்டிவ்வாக இல்லை' என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இரவு பந்தலில் வசூல் செய்துதான் அட்வான்ஸ் கட்டினோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். போன வருடச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் அவர் பணக்காரர். நான்கு மாதமாக அவர் கையில் பணமே இல்லை என்பதற்குச் சீட்டு இல்லை.

அமெரிக்காவில் இது முழு வடிவத்தில் நடந்திருக்கிறது. அங்கே பெரும்பாலான தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி வழியாகத்தான். 2019 செப்டம்பர் 16 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் கார்க் கம்பெனியில் ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாளே கம்பெனி அவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டுவதை நிறுத்தியது. சங்கம் தன் வேலைநிறுத்த நிதியிலிருந்து காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதாகச் சொன்னது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதும் பத்தே நாளில், செப்டம்பர் 26 அன்று, கம்பெனி பின்வாங்கிக் காப்பீட்டைத் திரும்பத் தந்தது. போராட்டம் மொத்தம் 40 நாள் நடந்தது. அதற்குப் பிறகு கலிபோர்னியா மாநிலம், அரசுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டை நிறுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற முன்வரைவு அங்கே நாடாளுமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தும் நிறைவேறவில்லை.

இதைப் படித்தபோது அந்தப் பத்து நாளில் அங்கே எத்தனை அம்மாக்கள் ஊசியைப் பாதியாக்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இஎஸ்ஐயைக் குறை சொல்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கூட்டம், காத்திருப்பு, மருந்து இல்லாத நாட்கள், எல்லாம் உண்மை. ஆனால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் தனியாக நிற்கும் ஒரு நிதி அது. சண்டை வந்த அன்று காலை அதை ஒருவர் விருப்பத்துக்கு அணைத்துவிட முடியாது. அமெரிக்கத் தொழிலாளிக்கு இல்லாத ஒன்று ஓசூர்த் தொழிலாளிக்கு இருக்கிறது. அதன் ஓட்டைகளை அடைக்க வேண்டும்: ஒரு ஸ்ட்ரைக்கிலோ கதவடைப்பிலோ போன நாட்களை அந்த 78லிருந்து கழித்துக் கணக்கிட வேண்டும். சட்டம் எழுதுபவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. குழுக் காப்பீட்டிலும், தகராறு நடக்கும் காலத்தில் பெயரை எடுக்கக் கூடாது என்று வர வேண்டும். அதுவரைக்கும் அதில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: குழுவிலிருந்து வெளியே வரும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். ஆனால் பெயர் எடுக்கப்பட்ட பிறகு ஓடினால் சிரமம். முன்கூட்டியே விண்ணப்பம் கையில் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. இனி எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ஸ்ட்ரைக் செய்ய முடியாது. ஒரே நாளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்ட்ரைக்தான். தொழிலாளியின் கையைக் கட்டும் விதி என்று சங்கங்கள் சொல்கின்றன, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த 14 நாள் வரும்போது அதைச் சும்மா விடக் கூடாது. கொடி தைப்பதற்கும் பந்தலுக்குச் சொல்வதற்கும் முன்னால், ஒவ்வொருவரின் சந்தா நாளையும் எண்ணிவிட வேண்டும். முடிந்தால் நாளையே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன் 10க்குப் பதிலாக ஜூன் 18 அன்று தொடங்கியிருந்தால் என் அண்ணனுக்கு 78 நாள் வந்திருக்கும். மாம்பழ சீசனைப் பார்த்து நாள் குறித்தவர்கள் இதையும் பார்த்திருக்கலாம்.

இப்போது அந்த ஒப்பந்தமும் முடியப் போகிறது. இந்த முறை அண்ணன் சங்கத்தில் பொருளாளர். போன ஞாயிற்றுக்கிழமை நீளக் கணக்கு நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். 212 பெயர், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. பெயருக்கு எதிரே இன்சூரன்ஸ் நம்பர், இந்தக் காலத்தில் இதுவரை எத்தனை நாள், வீட்டில் தொடர்ந்து மருந்து எடுப்பவர் யார், பிரசவம் எப்போது. அண்ணியே கோடு போட்டு, வீடு வீடாகப் போய்ப் பாதியை நிரப்பியிருந்தார். நான் தளத்தில் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவன் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தான். இரவு பதினொன்றுக்கு 140 பெயர் முடிந்திருந்தது. இரண்டு பேருக்கு நம்பரே தவறு. ஒருவருக்கு மனைவி பெயர் சேர்க்கப்படவே இல்லை, கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது.

"மீதி அடுத்த ஞாயிறு" என்று நோட்டை மூடினான். அம்மா அடுப்படியில் இரவு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு யூனிட்.